பிளாக்ஜாக்கில் ‘சரண்டர்’, ‘ஸ்ப்ளிட்’: விதிகள் என்ன, கணக்கு என்ன சொல்கிறது?

கேசினோக்களில் பரவலாக ஆடப்படும் பிளாக்ஜாக் சீட்டாட்டத்தில், கைக்கு வந்த சீட்டுகள் மோசமானவை எனத் தெரிந்தால் பாதிப் பணத்தை விட்டுக்கொடுத்து அந்தச் சுற்றிலிருந்து விலக ஒரு விதி உள்ளது. ஒரே மதிப்புடைய இரண்டு சீட்டுகள் வந்தால் அவற்றைத் தனித்தனிக் கைகளாகப் பிரித்து ஆட மற்றொரு விதி உள்ளது. முதலாவதற்கு ‘சரண்டர்’ என்றும் இரண்டாவதற்கு ‘ஸ்ப்ளிட்’ என்றும் பெயர்.

இவ்விரு விதிகளும் எல்லா மேசைகளிலும் ஒரே மாதிரியாக இருப்பதில்லை. பெயர் ஒன்றாக இருந்தாலும் நிபந்தனைகள் மாறும்; நிபந்தனை மாறினால் சரியான முடிவும் மாறும். ஆட்டக்காரருக்குக் கிடைத்த சலுகைகளாக இவை தோன்றினாலும், பெரும்பாலும் இழப்பின் அளவைக் குறைப்பதே இவற்றின் பயன். இந்த விதிகளின் செயல்பாடு, அவற்றின் பின்னுள்ள கணக்கு, இந்தியாவில் கேசினோ ஆட்டங்களுக்கான சட்டம் மற்றும் வரி நிலவரம் ஆகியவற்றைக் காண்போம்.

ஆட்டத்தின் அடிப்படை

பிளாக்ஜாக்கில் ஒவ்வோர் ஆட்டக்காரரும் கேசினோவின் சார்பில் சீட்டு போடும் டீலரை எதிர்த்து மட்டுமே ஆடுகிறார். மேசையில் உள்ள மற்றவர்களை எதிர்த்து அல்ல. கையில் உள்ள சீட்டுகளின் கூட்டுத்தொகை 21-ஐத் தாண்டாமல், டீலரின் தொகையைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். 2 முதல் 10 வரையிலான சீட்டுகளுக்கு அவற்றின் எண்ணே மதிப்பு. ஜாக், ராணி, ராஜா ஆகியவற்றுக்குத் தலா 10. ஏஸ் சீட்டை 1 ஆகவோ 11 ஆகவோ கணக்கிடலாம். ஏஸை 11 ஆகக் கொள்ள முடிகிற கை ‘சாஃப்ட்’ எனவும், மற்றவை ‘ஹார்டு’ எனவும் அழைக்கப்படும்.

முதல் இரு சீட்டுகளிலேயே ஏஸும் 10 மதிப்புள்ள சீட்டும் அமைந்தால் அதுவே ‘பிளாக்ஜாக்’. அதற்கு வழக்கமாக ரூ.100-க்கு ரூ.150, அதாவது 3:2 என்ற விகிதத்தில் பணம் தரப்படும். மற்ற வெற்றிகளுக்குப் பந்தயத் தொகைக்குச் சமமான பணம் மட்டுமே கிடைக்கும். இரு தரப்பும் சமமானால் பந்தயப் பணம் திரும்பிவிடும்.

டீலரின் முதல் சீட்டு திறந்து வைக்கப்படும். அமெரிக்க முறையில் இரண்டாவது சீட்டு கவிழ்த்து வைக்கப்படும். டீலருக்கு விருப்பத் தேர்வு எதுவும் கிடையாது. 16 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் அவர் சீட்டு எடுத்தே ஆக வேண்டும். 17 வந்ததும் நிறுத்த வேண்டும். ஏஸ் கலந்த ‘சாஃப்ட் 17’ வரும்போது நிறுத்துவதா, மேலும் எடுப்பதா என்பது மட்டும் மேசைக்கு மேசை மாறும்.

கேசினோவின் ஆதாயம் ஒரே இடத்தில் உள்ளது. ஆட்டக்காரர் முதலில் ஆட வேண்டும். அவர் 21-ஐத் தாண்டினால் பணம் உடனே போய்விடும். அதே சுற்றில் பின்னர் டீலரும் 21-ஐத் தாண்டினாலும் அந்தப் பணம் திரும்பாது.

சரண்டர்: பாதியோடு விலகுதல்

முதல் இரு சீட்டுகளைப் பார்த்தவுடன் எடுக்க வேண்டிய முடிவு இது. கூடுதலாக ஒரு சீட்டு வாங்கிவிட்டாலோ, பந்தயத்தை இரட்டிப்பாக்கிவிட்டாலோ, கையைப் பிரித்துவிட்டாலோ அதன் பிறகு சரண்டர் செய்ய அனுமதி இல்லை. ரூ.1,000 பந்தயம் வைத்தவர் சரண்டர் செய்தால் ரூ.500 கேசினோவுக்குச் செல்லும்; ரூ.500 அவருக்குத் திரும்பும். அந்தச் சுற்று அவருக்கு அத்துடன் முடிந்துவிடும். ‘சரண்டர்’ என்று வாய்விட்டுச் சொல்வதும், பந்தயத்தின் பின்புறம் மேசை விரிப்பில் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டுவதும் வழக்கம்.

இதில் இரண்டு வகைகள் உண்டு. டீலரின் திறந்த சீட்டு ஏஸாகவோ 10 மதிப்புள்ளதாகவோ இருந்தால், அவர் கவிழ்த்து வைத்த சீட்டைப் பார்த்துத் தம்மிடம் பிளாக்ஜாக் உள்ளதா எனச் சரிபார்ப்பார். அது இல்லை என உறுதியான பிறகு அனுமதிக்கப்படுவது ‘லேட் சரண்டர்’. சரிபார்ப்பதற்கு முன்பே அனுமதிக்கப்படுவது ‘எர்லி சரண்டர்’. முதல் வகையில் டீலருக்குப் பிளாக்ஜாக் அமைந்துவிட்டால் முழுப் பணமும் போய்விடும். இரண்டாம் வகையில் அந்த ஆபத்திலிருந்தும் பாதிப் பணத்தோடு தப்பிக்கலாம்.

ஒரு சொல்லே வேறுபட்டாலும் பண அளவில் இடைவெளி பெரிது. பல கட்டுகள் கொண்டு ஆடும் மேசையில் லேட் சரண்டரால் ஆட்டக்காரருக்குக் கிடைக்கும் பயன் ரூ.100 பந்தயத்துக்குச் சராசரியாக 10 பைசாவுக்கும் குறைவு. எர்லி சரண்டரின் பயன் ஏறக்குறைய 60 பைசா.

இந்த வேறுபாடு ஒரு நகரின் கேசினோ விதிகளையே மாற்ற வைத்தது. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் உள்ள அட்லாண்டிக் சிட்டியில் 1978-இல் சட்டபூர்வ கேசினோ திறக்கப்பட்டபோது எர்லி சரண்டர் விதி நடைமுறையில் இருந்தது. அங்கிருந்த மற்ற விதிகளுடன் சேர்ந்து, சரியாக ஆடுபவருக்கு மிகச் சிறிய அளவில் ஆதாயம் தரும் நிலையை அது உருவாக்கியது. 1981-இல் அந்த விதி நீக்கப்பட்டது. இன்று எர்லி சரண்டர் அரிதாகவே காணப்படுகிறது. ‘சரண்டர் உண்டு’ என்று ஒரு மேசையில் எழுதப்பட்டிருந்தால் அது பெரும்பாலும் லேட் சரண்டரையே குறிக்கும்.

எப்போது விலகலாம்?

இதற்கான அளவுகோல் எளிமையானது. சரண்டர் செய்தால் ரூ.100-க்கு ரூ.50 இழப்பு உறுதி. எனவே, ஆடினால் சராசரியாக ரூ.50-க்கு மேல் இழப்பு ஏற்படும் கைகளில் மட்டுமே விலகுவது சரி. சமநிலையில் முடியும் ஆட்டங்களை விட்டுவிட்டுப் பார்த்தால், வெற்றி வாய்ப்பு நான்கில் ஒன்றுக்கும் கீழே இறங்கும்போதுதான் இது நிகழும்.

ஆட்டக்காரரிடம் ஹார்டு 16, டீலரிடம் 10 என்பது இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 16-உடன் 6 முதல் ராஜா வரையிலான எந்தச் சீட்டு சேர்ந்தாலும் 21-ஐத் தாண்டிவிடும். 13 வகைச் சீட்டுகளில் 8 வகைகள் ஆட்டக்காரருக்கு எதிரானவை. சீட்டு எடுக்காமல் நின்றாலும், 10 திறந்துள்ள டீலர் 21-ஐத் தாண்டும் வாய்ப்பு ஐந்தில் ஒரு பங்கைச் சற்றே மிஞ்சும், அவ்வளவே. எடுத்தாலும் நின்றாலும் சராசரி இழப்பு ரூ.100-க்குச் சுமார் ரூ.54. விலகினால் ரூ.50. மிச்சமாவது ரூ.4.

டீலர் சாஃப்ட் 17-இல் நிறுத்தும் மேசைகளில் லேட் சரண்டருக்குப் பரிந்துரைக்கப்படும் கைகள் நான்கே நான்கு. டீலரிடம் 9, 10 அல்லது ஏஸ் இருக்கும்போது ஹார்டு 16. டீலரிடம் 10 இருக்கும்போது ஹார்டு 15. டீலர் சாஃப்ட் 17-இல் மேலும் சீட்டு எடுக்கும் மேசைகளில், ஏஸுக்கு எதிரான 15, 17 ஆகிய கைகளும் இந்தப் பட்டியலில் சேரும்.

இந்தப் பட்டியலுக்கு வெளியே அச்சத்தால் விலகுவது பணத்தை வீணாக்கும். டீலரின் 10-க்கு எதிராக 14 வைத்திருப்பவர் தோற்கும் நிலையில் இருப்பது உண்மைதான். ஆனால், சீட்டு எடுத்து ஆடினால் அவருடைய சராசரி இழப்பு சுமார் ரூ.47, விலகினால் ரூ.50. ‘மோசமான கை’ என்பதும் ‘விட்டுக்கொடுக்க வேண்டிய கை’ என்பதும் ஒன்றல்ல.

ஸ்ப்ளிட்: ஜோடியைப் பிரித்தல்

முதல் இரு சீட்டுகளும் ஒரே மதிப்புடையவையாக இருந்தால் அவற்றைப் பிரிக்கலாம். அதற்கு முதல் பந்தயத்துக்குச் சமமான தொகையை அருகில் வைக்க வேண்டும். டீலர் இரு சீட்டுகளையும் பிரித்து, ஒவ்வொன்றின் மீதும் ஒரு புதிய சீட்டைப் போடுவார். அதன்பின் இரண்டும் தனித்தனிக் கைகள். ஒன்று வென்று மற்றொன்று தோற்கலாம்.

ரூ.1,000 வைத்தவர் பிரித்ததும் அவர் வைத்துள்ள மொத்தப் பந்தயம் ரூ.2,000 ஆகிறது. மீண்டும் அதே சீட்டு வந்து மறுபடியும் பிரிக்க அனுமதித்தால் அது ரூ.3,000, ரூ.4,000 என உயரும். பொதுவாக நான்கு கைகள் வரை அனுமதிக்கப்படுகிறது. பிரித்த பிறகு பந்தயத்தை இரட்டிப்பாக்கவும் அனுமதி இருந்தால் தொகை மேலும் ஏறும். கையில் உள்ள பணம் முழுவதையும் ஒரே பந்தயமாக வைப்பவருக்கு, பிரிக்க வேண்டிய சாதகமான தருணத்தில் பிரிக்கப் பணம் இருக்காது.

மேசைக்கு மேசை மாறும் நிபந்தனைகள் பின்வருமாறு:

• ஏஸ் ஜோடியைப் பிரித்தால் பெரும்பாலான இடங்களில் ஒவ்வொரு ஏஸுக்கும் ஒரே ஒரு சீட்டு மட்டுமே தரப்படும். மேற்கொண்டு எடுக்க முடியாது.

• பிரித்த ஏஸுடன் 10 மதிப்புள்ள சீட்டு சேர்ந்தால் அது சாதாரண 21 மட்டுமே, பிளாக்ஜாக் அல்ல. அதற்கு 3:2 விகிதப் பணம் கிடைக்காது.

• ராஜாவும் ஜாக்கும் போன்று மதிப்பில் மட்டும் ஒத்த ஜோடிகளைச் சில மேசைகள் பிரிக்க அனுமதிக்கும், சில அனுமதிக்காது.

• பிரித்த கையில் இரட்டிப்புக்கு அனுமதி உண்டா என்பதைப் பொறுத்து 2, 3, 4, 6 ஆகிய ஜோடிகளுக்கான முடிவு மாறும்.

எந்த ஜோடியைப் பிரிப்பது?

ஏஸ் ஜோடியையும் 8 ஜோடியையும் பிரிக்க வேண்டும் என்பது பிளாக்ஜாக்கின் மிகப் பரவலான அறிவுரை. இரண்டு ஏஸ் சேர்ந்தால் சாஃப்ட் 12 என்ற சாதாரணக் கை. பிரித்தால் 11-இலிருந்து தொடங்கும் இரண்டு நல்ல கைகள் கிடைக்கின்றன. இரண்டு 8 சேர்ந்தால் ஆட்டத்தின் மிக மோசமான கைகளில் ஒன்றான 16. பிரித்தால் 8-இலிருந்து தொடங்கும் இரண்டு நடுத்தரக் கைகள். டீலரின் சீட்டு 7 அல்லது அதற்குக் கீழ் இருக்கும்போது, பிரிப்பதால் நட்டக் கை ஆதாயக் கையாகவே மாறுகிறது.

இதற்கு நேர்மாறாக, 10 ஜோடியையும் 5 ஜோடியையும் பிரிக்கக் கூடாது. இரண்டு 10 சேர்ந்தால் 20. டீலரிடம் 6 இருக்கையில் இந்த 20-ஐ அப்படியே வைத்துக்கொண்டால் சராசரி ஆதாயம் ரூ.100-க்குச் சுமார் ரூ.70. பிரித்தால் இரு கைகளும் சேர்ந்து தருவது ரூ.60-க்கும் குறைவு, அதற்கு இரு மடங்கு பணத்தையும் பணயம் வைக்க வேண்டும். இரண்டு 5 சேர்ந்தால் 10. அது பந்தயத்தை இரட்டிப்பாக்கத் தகுந்த கை. அதை உடைத்து 5-இலிருந்து தொடங்கும் இரண்டு பலவீனமான கைகளாக்குவதில் பயனில்லை.

9 ஜோடியின் கணக்கு சற்று நுட்பமானது. டீலரிடம் 2 முதல் 6 வரை, அல்லது 8, 9 இருந்தால் பிரிக்கலாம். 7 இருந்தால் பிரிக்காமல் 18-இல் நிற்பதே நல்லது. 7 திறந்துள்ள டீலர் மற்ற எல்லாத் தொகைகளையும்விட அதிகமாக 17-இல் முடிக்கிறார். அதை 18 வெல்லும். 10, ஏஸ் ஆகியவற்றுக்கு எதிராகவும் பிரிக்காமல் நிற்பதே வழக்கம்.

பிரித்த பின் இரட்டிப்பு அனுமதிக்கப்படும் மேசைகளில் 2, 3, 7 ஜோடிகளை டீலரின் 2 முதல் 7 வரையிலும், 6 ஜோடியை 2 முதல் 6 வரையிலும், 4 ஜோடியை 5, 6 ஆகியவற்றுக்கு எதிராகவும் பிரிக்கலாம். டீலரின் 4, 5, 6 ஆகியவை ஆட்டக்காரருக்குச் சாதகமான சீட்டுகள். 6 திறந்திருந்தால் டீலர் 21-ஐத் தாண்டும் வாய்ப்பு சுமார் 42 சதவீதம்.

விலகுவதா, பிரிப்பதா?

இரு விதிகளும் எதிரெதிரே நிற்கும் கை 8 ஜோடி. டீலரிடம் 10 இருக்கிறது. கையில் உள்ள தொகை 16. ஹார்டு 16-ஐ விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது ஒரு விதி. 8 ஜோடியைப் பிரிக்க வேண்டும் என்பது மற்றொன்று. சீட்டு எடுத்தால் சராசரி இழப்பு ரூ.50-ஐத் தாண்டுகிறது. விலகினால் சரியாக ரூ.50. பிரித்தால் இரு கைகளும் சேர்ந்து தரும் சராசரி இழப்பு, முதல் பந்தயமான ரூ.100-க்குச் சுமார் ரூ.48. எனவே பிரிப்பதே சரி.

பந்தயத்தை இரு மடங்காக்கிய பிறகும் வெற்றி உறுதியாவதில்லை. இழப்பு மட்டுமே சற்றுக் குறைகிறது. அனுபவம் குறைந்த ஆட்டக்காரர்கள் தயங்கும் இடமும் இதுவே. டீலர் சாஃப்ட் 17-இல் மேலும் சீட்டு எடுக்கும் மேசையில் இதே 8 ஜோடி ஏஸுக்கு எதிராக வந்தால், விலகுவதே மிகச் சிறிய அளவில் மேலானது.

ஐரோப்பிய முறையில் மாறும் கணக்கு

ஐரோப்பிய முறையில் ஆட்டக்காரர்கள் அனைவரும் ஆடி முடிக்கும் வரை டீலர் தமது இரண்டாவது சீட்டை எடுப்பதில்லை. எனவே, பிளாக்ஜாக் இருக்கிறதா என முன்கூட்டியே சரிபார்க்க வழியில்லை. கையைப் பிரித்து இரு மடங்கு பணம் வைத்த பிறகு டீலருக்குப் பிளாக்ஜாக் அமைந்தால், இரு பந்தயங்களும் போய்விடும். முதல் பந்தயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் மேசைகளும் உண்டு.

முழுப் பணமும் போகும் விதி உள்ள இடங்களில் டீலரின் 10, ஏஸ் ஆகியவற்றுக்கு எதிராக 8 ஜோடியைப் பிரிக்கக் கூடாது. ஏஸுக்கு எதிராக ஏஸ் ஜோடியையும் பிரிக்கக் கூடாது. அமெரிக்க முறைக்கான அட்டவணையை மனப்பாடம் செய்துகொண்டு ஐரோப்பிய முறை மேசையில் அமர்பவர் தவறான முடிவெடுக்க நேரும்.

கணக்கு வந்த வழி

இந்தப் பரிந்துரைகள் சூதாட்ட மேசைகளின் நம்பிக்கைகளிலிருந்து உருவானவை அல்ல. அமெரிக்காவின் அபர்தீன் ராணுவத் தளத்தில் பணியாற்றிய ரோஜர் பால்ட்வின், வில்பர்ட் கேன்டி, ஹெர்பர்ட் மைசல், ஜேம்ஸ் மெக்டெர்மாட் ஆகிய நால்வர், கணினியின்றி மேசைக் கணக்கு இயந்திரங்களைக் கொண்டு பிளாக்ஜாக்கின் உகந்த உத்தியைக் கணித்தனர். அவர்களது ஆய்வு 1956-இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் ஆய்விதழில் வெளியானது. கணிதப் பேராசிரியர் எட்வர்ட் தோர்ப் கணினியின் துணையுடன் அதை மேலும் துல்லியமாக்கி, 1962-இல் ‘பீட் த டீலர்’ என்ற நூலாக வெளியிட்டார். இன்று ‘அடிப்படை உத்தி’ எனப்படும் அட்டவணைகளுக்கு இவையே தொடக்கம்.

அந்த உத்தியைப் பிழையின்றிப் பின்பற்றினாலும், நல்ல விதிகள் கொண்ட மேசையில் கேசினோவுக்கு ஏறக்குறைய அரை சதவீத ஆதாயம் இருந்துகொண்டே இருக்கும்.

கவனிக்க வேண்டிய மற்ற விதிகள்

பிளாக்ஜாக்குக்கு 3:2-க்குப் பதிலாக 6:5 விகிதத்தில் பணம் தரும் மேசைகள் பெருகியுள்ளன. ரூ.100-க்கு ரூ.150 கிடைக்க வேண்டிய இடத்தில் ரூ.120 மட்டுமே கிடைக்கும். இந்த ஒரு மாற்றம் கேசினோவின் ஆதாயத்தைச் சுமார் 1.4 சதவீதப் புள்ளிகள் உயர்த்துகிறது. லேட் சரண்டர் தரும் பயனைப் போலப் பல மடங்கு இழப்பு இது.

டீலரிடம் ஏஸ் திறந்திருக்கும்போது வழங்கப்படும் ‘இன்சூரன்ஸ்’ என்பது காப்பீடு அல்ல. டீலருக்குப் பிளாக்ஜாக் இருக்கும் என்று வைக்கப்படும் தனிப் பந்தயம். அதற்கு 2:1 பணம் தரப்படும். ஆனால் அடுத்த சீட்டு 10 மதிப்புடையதாக இருக்கும் வாய்ப்பு 13-இல் 4 மட்டுமே. சீட்டுகளை எண்ணிக்கொண்டிராத ஆட்டக்காரருக்கு இது நட்டமே தரும்.

இந்தியாவில் சட்டமும் வரியும்

இந்திய அரசமைப்புச் சட்டத்தின்படி பந்தயமும் சூதாட்டமும் மாநிலப் பட்டியலில் உள்ளன. கோவாவிலும் சிக்கிமிலும் உரிமம் பெற்ற கேசினோக்கள் இயங்குகின்றன. கோவாவில் 1976-ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்டச் சட்டத்தில் பின்னர் செய்யப்பட்ட திருத்தங்களின் கீழும், சிக்கிமில் 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும் அனுமதி வழங்கப்படுகிறது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை வழங்குவதைத் தடை செய்யும் மத்தியச் சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். ‘ஆன்லைன் பிளாக்ஜாக்’ என்ற பெயரில் வரும் அழைப்புகளை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும்.

கேசினோக்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாக உயர்த்தப்பட்டுள்ளது. பந்தய வில்லைகள் வாங்கச் செலுத்தும் தொகையின் அடிப்படையில் இந்த வரி கணக்கிடப்படுகிறது. வில்லைகளைத் திருப்பிக் கொடுத்துப் பெறும் பணம் அதிலிருந்து கழிக்கப்படுவதில்லை. வென்ற தொகைக்குத் தனியாக 30 சதவீத வருமான வரியும் அதற்கு மேல் செஸ் வரியும் உண்டு. தோற்ற பணத்தை அதில் ஈடுகட்ட முடியாது. அரை சதவீதத்தையும் பைசாக்களையும் பேசும் உத்திக் கணக்கில் இந்த வரிகள் எதுவும் சேர்க்கப்படவில்லை.

மேசையில் அமரும் முன்

பிளாக்ஜாக்குக்கு 3:2-ஆ, 6:5-ஆ? சரண்டர் உண்டா, உண்டெனில் சரிபார்க்கும் முன்பா, பின்பா? டீலர் இரண்டாவது சீட்டை எப்போது எடுக்கிறார்? சாஃப்ட் 17-இல் நிறுத்துகிறாரா? எத்தனை முறை பிரிக்கலாம். பிரித்த பின் இரட்டிப்பாக்கலாமா? இக்கேள்விகளுக்கான விடை மேசையில் எழுதப்பட்டிருக்கும். இல்லையெனில் டீலரிடம் கேட்கலாம்.

விடைகள் அனைத்தும் சாதகமாக இருந்தாலும், நீண்ட நேரம் ஆடினால் சராசரியில் கேசினோவே முன்னிலை பெறும். பாதியோடு விலகும் விதி ஒரு சுற்றுக்கு மட்டுமே பொருந்தும். அன்றைய ஆட்டத்தை எப்போது நிறுத்துவது என்பதற்கு எந்த மேசையிலும் விதி எழுதப்படவில்லை. அதை ஆட்டக்காரரே முன்கூட்டி முடிவு செய்துகொள்ள வேண்டும். அவ்வாறு நிறுத்த முடியாமல் தவிப்போரும் அவர்களது குடும்பத்தினரும், மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண்ணான 14416-ஐ எந்நேரமும் கட்டணமின்றித் தொடர்புகொள்ளலாம்.